நம்ம ஹோட்டல்

ஹோட்டல் மானேஜர்கள் பேசும்போது ஒரு வார்த்தையைக் கவனித்திருக்கிறேன். "எங்கள் கம்பெனி" என்று இன்ஷூரன்ஸ்காரர் சொல்வார், பாங்கிக்காரரும் சொல்வார். ஹோட்டல் மானேஜரோ "நம்ம ஹோட்டல்" என்பார். கேட்டுக்கொண்டிருக்கும் நம்மையும் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு விடுவார். (நான் சொல்வது இட்லி, காபி ஹோட்டல் அல்ல, வாசலில் தலைப்பாகைக்காரர் கதவைத் திறந்து விடுகிற, மாடி மாடியாக அறைகள் உள்ள ஹோட்டல்.)

என் நண்பர் ஒருவர் அப்படிப்பட்ட ஹோட்டல் ஒன்றில் 27 வருஷமாக இருக்கிறார். கடைசிப் பதினோரு வருஷமாக மானேஜர். தினம் ஐந்நூறு பேர் வேளாவேளைக்குச் சாப்பிட்டார்களா என்று பார்க்கிற மனிதர், தாம் சாப்பிட்டது பிற்பகல் மூன்றரை மணிக்கு, சமையலறை ஓரத்தில் நின்றபடி. தீபாவளியும் புது வருஷமும் ஊருக்குத்தான் பண்டிகை. அவருக்கு அவை 'ஸீஸன்'. கம்பெனி முத்திரை பதித்த சிறு வில்லை ஒன்றைக் கோட்டில் குத்தியிருப்பார். கல்யாண வீட்டுக்கு வரும்போதும் அது இருக்கும். "இவருக்கு நான் இளையாள்தான். மூத்தாள் அங்கே நிற்கிறாள், எட்டு மாடி உயரத்துக்கு" என்பாள் அவர் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ரத்தக் கொதிப்பு மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிவரை காத்திருந்தவளும் அவள்தான்.

இந்த அபிமானத்தால் மனிதனுக்கு நன்மையா, கெடுதலா என்பது வெகு நாளாக என்னை உறுத்தும் கேள்வி. ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற அமெரிக்க அம்மாள், விமானப் பணிப்பெண்களிடம் பேசிப் பழகி 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார். சம்பளத்துக்காகச் சிரிப்பதும் உழைப்புதான், மூட்டை தூக்குவதைப் போல அதுவும் ஆளைத் தேய்க்கும் என்பது அவர் கட்சி. வேலையோடு தன்னை முழுக்கக் கரைத்துக்கொள்பவர் சீக்கிரம் ஓய்ந்து போகிறார். ஒட்டாமல் நடிப்பவருக்கோ, 'நாம் வெறும் வேஷதாரிதானோ' என்று உள்ளுக்குள் குறுகுறுப்பு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஆனால் 2008 நவம்பர் 26-ஐ நினைத்தால் இந்தக் கணக்குப் போதவில்லை. மும்பை தாஜ்மகால் ஹோட்டலில் பயங்கரவாதிகள் புகுந்து சுட்ட அந்த இரவு, சிப்பந்திகள் ஓடிப் போயிருக்கலாம். பின்கட்டு வழிகள் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்களோ விருந்தாளிகளை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நின்றார்கள். சிலர் உயிரையும் விட்டார்கள். ஜெனரல் மானேஜர் கரம்பீர் காங்கின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஆறாவது மாடியில், அவர்கள் குடியிருந்த பகுதியிலேயே, தீயில் சிக்கி இறந்தார்கள். அந்த நிலையிலும் அவர் மற்றவர்களை வெளியேற்றும் வேலையை விடவில்லை. பிற்பாடும் அந்தக் கம்பெனியிலேயே உத்தியோகத்தைத் தொடர்ந்தார். அது அவருக்கு மருந்தாக இருந்ததா, ரணமாக இருந்ததா என்று வெளியே நிற்கும் நாம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். கம்பெனி விசுவாசம் என்று அதற்குப் பெயர் வைக்கவும் எனக்கு நா எழவில்லை.

ஹார்வர்டைச் சேர்ந்த இருவர் 2011-ல் இதைப் பற்றி எழுதியதில் ஒரு விஷயம் மனத்தில் தைத்தது. கம்பெனிக்காக விருந்தாளியிடம் பேசுகிறவனாக இராதே, விருந்தாளிக்காகக் கம்பெனியிடம் பேசுகிறவனாக இரு என்றுதான் அங்கே புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பழக்குகிறார்களாம். தன் பெயரைவிட வந்தவரைப் பெரிதாக நினைக்கச் சொன்ன ஹோட்டலின் பெயர்மேல்தான் அவர்களுக்கு அத்தனை பற்று!

ஸெஸார் ரிட்ஸின் கதை வேறு மாதிரி. ஸ்விட்ஸர்லாந்தில் ஒரு குடியானவர் வீட்டில் பதின்மூன்றாவது பிள்ளை; பாரிஸில் 1898-ல் திறந்த ஹோட்டலுக்குத் தம் பெயரையே வைத்தவர். 1902 ஜூனில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக லண்டன் கார்ல்டன் ஹோட்டலைச் சோடித்து வைத்திருந்தார். இரண்டே நாள் இருக்கும்போது, ராஜாவுக்குக் குடல்வால் நோய், விழா ஒத்திவைப்பு என்று செய்தி வந்தது. அந்த அதிர்ச்சியில் மனிதர் நிலைகுலைந்து போனார். 1918-ல் சாகும்வரை பழைய ரிட்ஸாக எழுந்திருக்கவே இல்லை. பெயர் வேறு, தாம் வேறு என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

என் நண்பருக்குப் பெயர் வேறு, தாம் வேறு, சங்கடமே அதில்தான். இப்போதெல்லாம் பல ஹோட்டல்களில் கட்டடம் ஒருவருடையது, நடத்துவது இன்னொருவர், பலகையில் உள்ள பெயர் ஒப்பந்தக் காலம் வரைக்கும்தான். சென்ற வருஷம் அவர் ஹோட்டலில் ஒப்பந்தம் முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை கிரேன் வந்து மொட்டை மாடிப் பலகையை இறக்கிற்று. துண்டு, சோப்பு உறை, கரண்டிப் பிடி எல்லாவற்றிலும் வேறு பெயர். வந்த கம்பெனி அவரை மரியாதையாகவே வைத்துக்கொண்டது. புது வில்லையும் கொடுத்தது. அவரும் ஒழுங்காகக் குத்திக்கொண்டு போகிறார். ஆனால் பகல் ஒரு மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறார். மாலை ஆறரைக்கு வீடு. ரத்தக் கொதிப்பு இறங்கிவிட்டதென்று டாக்டருக்குச் சந்தோஷம்.

"இப்போது நிம்மதிதானே, அம்மா?" என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"உடம்பு தேவலை, அண்ணா" என்றாள். "பேச்சுத்தான் நின்று போச்சு. முன்னெல்லாம் பதினொரு மணிக்கு வந்தாலும் பன்னிரண்டுவரை அந்தப் புராணம்தான். எனக்குக் காது புளித்துப் போகும். இப்போ டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறார். என்ன படம் என்று கேட்டால், பார்க்கலையே என்கிறார்."

அடுத்த மாதம் அவரைத் திருச்செந்தூருக்கு அழைத்துப் போகிறாள். ஹோட்டல் வேண்டாம் என்று கோயில் விடுதியில் அறை சொல்லி வைத்திருக்கிறாளாம்.