விளார் தேர்ந்தெடுப்பவர்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து மிசௌரியில் கலக்கிறது பிளாட் ஆறு. அகலம் மிகுதி, ஆழம் குறைவு. நெடுகிலும் மணல் திட்டுகள். அவற்றின் மேலும் கரையோரத்திலும் வேரிலிருந்து கன்றுவிட்டுப் புதராக மண்டிக் கிடக்கிறது ஒரு வகை வில்லோ. அதன் கிளைகளை வளைத்துக் கட்டில் செய்யும் சிறு பட்டறை ஒன்றைப் பார்க்க ஜனவரி மாதத்தில் போயிருந்தேன். பட்டறைக்குள் நுழையும் முன்பே கிளை வெட்டுபவரோடு ஆற்றுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தது. போகாமல் இருந்திருந்தால் இந்தத் தொழிலில் பாதியைத் தவறவிட்டிருப்பேன்.

இலை உதிர்ந்து மரம் உறங்கும் மாதங்களில்தான் வெட்டுகிறார்கள். அப்போது பட்டை கட்டையை இறுகப் பற்றியிருக்கும். வசந்தத்தில் சாறு ஏறிவிட்டால் பட்டை கழன்று வந்துவிடும். பட்டையோடு இருக்கும் கட்டிலைத்தான் மக்கள் விரும்பி வாங்குகிறார்கள். அந்த அழகுக்காக ஒருவர் உறைபனியில் முழங்கால் வரை புதைந்து நிற்க வேண்டியிருக்கிறது.

கண்ணில் பட்டதையெல்லாம் அவர் வெட்டவில்லை. பக்கக் கிளை இல்லாமல் நேராக ஓங்கியிருக்க வேண்டும். அடி கட்டைவிரல் பருமனுக்கு மேல் போகக்கூடாது. கையுறையைக் கழற்றிவிட்டு, விளாரின் நுனியைப் பிடித்து மெல்ல இழுக்கிறார். வளைவு அடி முதல் நுனி வரை ஒரே சீராக ஓடினால் தரையை ஒட்டிக் கத்தரி விழுகிறது. ஓரிடத்தில் மட்டும் மடங்கினால் விட்டுவிடுகிறார். அங்கே பூச்சி அரித்திருக்கும், இல்லையென்றால் கணு ஒளிந்திருக்கும். அந்தச் சோதனையை வெறுங்கையால்தான் செய்ய முடியும். விரல் நுனிகள் வெடித்து, வெடிப்புகளில் மெழுகுத் தைலம் அப்பியிருந்தது.

பட்டறையில் தச்சர் கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் வேலையாக இருந்தார். வில்லோ மென்மையான மரம், பாரம் தாங்காது. ஆகவே கால்களும் பக்கச் சட்டங்களும் செஞ்சீடார் மரத்தில் செய்யப்படுகின்றன. இங்குள்ள புல்வெளிகளில் அளவுக்கு மீறிப் பரவி, மேய்ச்சல்காரர்களே வெட்டி ஒழிக்கும் மரம் அது. வில்லோவுக்கு உரிய இடம் தலைமாடும் கால்மாடும்.

வளைப்பதற்கு முன் விளாரை இரு கைகளிலும் பிடித்து, கட்டைவிரல்களை ஊன்றி, அங்குலம் அங்குலமாக நெகிழ்த்துகிறார். பச்சை காய்வதற்குள் இது முடிய வேண்டும். பின்பு அடிப்பகுதியைக் கட்டிலின் இடது காலில் ஆணியடித்து, வில்லாக மேலே கொண்டுபோய், நுனியை வலது காலில் சேர்க்கிறார். அடுத்த விளாரின் அடி வலப்பக்கம், நுனி இடப்பக்கம். இப்படி மாற்றி மாற்றி அடுக்கினால்தான் தடிமன் இருபுறமும் ஈடாகி வளைவு ஒரு பக்கம் சாயாமல் நிற்கும். ஆணி இறங்கும் முனைகளில் முதலில் மெல்லிய துளை போட்டுக்கொள்கிறார், இல்லாவிட்டால் பிளந்துவிடும். வழுவழுப்பான ஆணி உதவாது. காய்ந்து சுருங்கும் மரம் அதைக் கழற்றிவிடும். உடம்பெல்லாம் வரிவரியாக வளையம் ஓடிய ஆணிதான் பிடித்து நிற்கும். காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெய் பூசினால் பட்டை நிறம் ஏறிப் பளபளக்கிறது.

இந்த வளைவு வேலைக்கு அமெரிக்காவில் பழைய வேர் உண்டு. ஊர் ஊராகச் சென்ற ரோமா இனத்துக் குடும்பங்கள் வழியில் கிடைத்த வில்லோவில் நாற்காலி செய்து விற்றுப் பிழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் மலைகளில் செல்வந்தர்கள் கட்டிய கோடை மாளிகைகளில், பட்டை உரிக்காத கிளைகளில் செய்த மரச்சாமான்கள் மதிப்பான பொருளாயின. மாளிகைகளைக் கட்டியவர்களின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. கிளை சுமந்தவர்களின் பெயர்களை அங்கே தேடினால் அகப்படுவது அரிது.

அதே வழக்கம் இன்றும் தொடர்வது எனக்கு உறுத்துகிறது. முடிந்த கட்டிலின் உட்புறத்தில் தச்சர் தம் பெயரைச் சூட்டுக்கோலால் பொறிக்கிறார். அது அவருக்கு உரியதுதான். ஆனால் தவறான விளார் ஒன்று கட்டுக்குள் வந்திருந்தால் அந்த வளைவு பாதியில் முறிந்திருக்கும். வெட்டுபவரின் பெயரும் அங்கே இருக்க வேண்டும் என்று தச்சரிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை, இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.

வெட்டிய புதர் அடியிலிருந்து மீண்டும் தளிர்த்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் அடுத்த வெட்டுக்கு ஆயத்தமாகிவிடும். எந்தத் திட்டை எந்தக் குளிர்காலத்தில் வெட்டினோம் என்று வெட்டுபவர் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு பட்டறைக்கு எத்தனை கட்டிலுக்குக் கிளை கிடைக்கும் என்பதை அந்த நோட்டில் பார்த்துத்தான் தச்சர் முன்பதிவு ஏற்கிறார்.