கனவு வராமல் இருக்க ஒரு குளிசை

போன கிழமை எங்கட அறையில நாலு பேர் ஒரு லப்டொப்பைச் சுற்றியிருந்து ‘பும்சி’ பார்த்தோம். கென்யாவைச் சேர்ந்த வனுரி கஹியு 2009இல் எடுத்த குறும்படம். ஏறத்தாழ 21 நிமிடங்கள்தான். சுவாஹிலி மொழியில் ‘பும்சி’ என்றால் மூச்சு.

தண்ணீருக்காக மூன்றாம் உலகப்போர் நடந்து 35 வருடங்களுக்குப் பிறகான கிழக்கு ஆபிரிக்கா. வெளியே எதுவும் உயிரோடு இல்லை என்று சொல்லப்பட்ட சனங்கள் மூடிய கட்டடத்துக்குள் வாழ்கிறார்கள். தங்கள் வியர்வையையும் சிறுநீரையும் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் வேலை செய்யும் ஆஷா ஒரு பச்சை மரத்தைக் கனவில் காண்கிறாள். உடனே கணினி கட்டளையிடுகிறது: கனவைத் தடுக்கும் குளிசையைப் போடு.

அந்த இடத்தில படத்தை நிறுத்திப்போட்டு ஆளையாள் பார்த்தோம். காடில்லாத உலகத்தைவிட அந்தக் குளிசைதான் எங்களைப் பயப்படுத்தினது. மரம் இருக்கலாம் எண்டு ஒருத்தி நினைச்சாலே அதிகாரத்துக்குப் பொறுக்கேல்லை.

யாரோ அனுப்பிய மண்ணில் ஆஷா ஒரு விதையை முளைக்க வைக்கிறாள். வெளியே போக அனுமதி இல்லை. தப்பிப் போய், பாலைவனத்தில் அந்தக் கன்றை நட்டு, மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி, தன் உடம்பாலேயே நிழல் கொடுக்கிறாள். “அவள் செத்துப்போறாளே, இதென்ன விடுதலை?” எண்டு ஒருத்தி கேட்டாள். அந்தச் சண்டை எங்களுக்குள்ள இன்னும் தீரேல்லை.

அடுத்து, கானாவில் பிறந்த நுவோடாமா பொடோமோவின் ‘அப்ரோநோட்ஸ்’ (2014). 1964இல் சாம்பியா சுதந்திரம் அடைந்த காலத்தில், எட்வர்ட் முகுகா என்கொலோசோ என்ற ஆசிரியர் அமெரிக்காவையும் சோவியத்தையும் முந்தி நிலவுக்குப் போகத் திட்டமிட்டார். பயிற்சிக்காக ஆட்களை எண்ணெய்ப் பீப்பாவுக்குள் இருத்தி உருட்டினார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் பகிடி பண்ணின. நேற்றுவரை ஆளப்பட்டவர்கள் நாளையைப் பற்றிக் கதைத்தால் உலகத்துக்குச் சிரிப்பு வருகிறது. பொடோமோ சிரிக்கவில்லை. கறுப்பு வெள்ளையில், நிலவுக்குப் போகவிருக்கும் 17 வயது மாத்தாவின் பக்கத்திலேயே நிற்கிறார்.

எங்கட குறும்படப் பிரதிகளை நினைச்சுப் பார்த்தோம். எல்லாத்திலயும் ஒரு அம்மா, ஒரு பழைய படம், ஒரு வாசல். அதைச் சொல்லத்தான் வேணும். காணாமல் போனவைக்கு இன்னும் பதில் இல்லை. ஆனால் 2060இல எங்கட ஊர் எப்பிடி இருக்கும் எண்டு ஒருத்தரும் எழுதினதில்லை. எங்களுக்கு ஆரும் குளிசை தரேல்லை. நாங்களே போட்டுக்கொண்டமா?

அண்டிரவே எழுதிப் பார்த்தோம். ஒருத்தி எழுதினாள்: செக்பொயின்றையே கண்டிராத ஒரு பிள்ளை, அது என்னெண்டு அம்மம்மாட்டக் கேக்குது.

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்த எண்ணெய்ப் பீப்பா ஞாபகம் வந்து, “அடுத்த வரியை எழுது” எண்டோம்.