பெருக்க மரத்தின் விரல்கள்

மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தின் அடிச் சுற்றளவு ஏறக்குறைய 19 மீட்டர். உயரம் அதில் பாதிகூட இல்லை. யானைக் கால்போல் மடிப்பு விழுந்த அந்தச் சாம்பல் பட்டையில் நான் முதலில் கை வைத்தது அம்மம்மாவோடு போன நாளில்.

“ஏன் அம்மம்மா பெருக்க மரம் எண்டு சொல்லுறது?”

“பெருத்துப்போய் நிக்குதல்லோ, பிள்ளை.”

அதற்குமேல் எனக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு ஒரு தாவரவியல் புத்தகத்தில் ‘அடன்சோனியா டிஜிட்டாட்டா’ என்று வாசித்தபோது மனம் ஒப்பவில்லை. மிஷேல் அதான்சோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1749இல் செனகலுக்குப் போய், அங்கே இந்த மரங்களைப் பார்த்து விவரமாக எழுதியவர். அவரைச் சிறப்பித்துத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1759இல் சூட்டிய பெயர் இது. எங்கள் மரத்துக்கு அவர் பெயர் எதற்கு? ஆனால் அதான்சோன், மரத்தைப் பற்றிய தன் கட்டுரையில் தன் பெயரை வைக்காமல் ‘பாவோபாப்’ என்றுதான் எழுதினார் என்று பின்னாளில் அறிந்ததும் அந்தக் கோபம் தணிந்துவிட்டது.

அந்த லத்தீன் பெயரின் பின்பாதியான டிஜிட்டாட்டா எனக்கு மிகவும் பிடித்தது. லத்தீனில் டிஜிட்டஸ் என்றால் விரல். ஒரே காம்பின் நுனியில் ஐந்து, சிலவேளை ஏழு சிற்றிலைகள் விரித்த கைபோல நிற்கும். மனிதர் விரல்விட்டு எண்ணியதால் அதே சொல் எண்களுக்கும் போனது. இன்று டிஜிட்டல் என்று எல்லார் வாயிலும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதே மரத்துக்கு ஆனைப்புளி, பப்பரப்புளி என்று பெயர்கள். காய்க்குள் காய்ந்து கிடக்கும் வெண்ணிறச் சதை நாக்கில் பட்டதும் புளிக்கும்; தின்று பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் அவை. பப்பரம் என்பது பழந்தமிழர் வழக்கில் ஓர் அயல்தேசம். மரமும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். அரபு வணிகர் கொண்டுவந்தார்கள் என்று மன்னாரில் சொல்வார்கள். அந்தக் கடல் வழி லத்தீன் பெயரில் இல்லை.

போன வருசம் பெருக்க விதை ஒன்றைச் சுடுநீரில் ஊறப்போட்டு, பழைய வாளியில் நட்டேன். முதலில் வந்த இலைகள் பிளவே இல்லாமல் முழுசாக இருந்தன. விரல் எங்கே என்று ஏமாந்துபோனேன். அதன் பிறகு வந்தவை இரண்டாக, மூன்றாகப் பிரிந்தன. நேற்றுக் காலை ஓர் இலையை உள்ளங்கையில் ஏந்தி எண்ணினேன். ஐந்து.