அத்தையின் கண்ணும் ஜொகூர் பாரு பலகைகளும்

ஜொகூர் பாருவுக்குப் போகிறவர்கள் பாலத்தைப் பார்ப்பார்கள். அக்கரையில் தெரியும் சிங்கப்பூரைப் பார்ப்பார்கள். போன மாதம் நானும் என் அத்தையும் கடைப் பலகைகளைப் பார்த்துவிட்டு வந்தோம். அதற்கொரு காரணம் உண்டு.

அத்தைக்கு 75 வயது. கூலாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிப் படிப்பு மட்டும்தான். ஆனாலும் தமிழ் எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் விடமாட்டார். அன்று ஒரு மருத்துவமனையில், சுவரில் ஒட்டியிருந்த தமிழ் அறிவிப்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "கண்ணு போச்சு தம்பி" என்றார்; குரல் கம்மியிருந்தது.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி வேறொரு பக்கம்! கணினியில் எழுத்துரு பொருந்தாமல் எல்லாம் சிதறிக் கிடந்தன. தமிழாசிரியருக்கே தலை சுற்றியிருக்கும். எவ்வளவு சொல்லியும் அத்தை நம்பவில்லை. மறுநாள் ஜாலான் உங்கு புவானுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

1911-இல் எழுந்த ராஜமாரியம்மன் கோயில் இருக்கும் தெரு அது. பசியாறிவிட்டு வெளியே வந்தோம். எதிர்ச் சாரியில் கையால் எழுதிய ஒரு பலகை. மஞ்சளில் சிவப்பு, தடித்த எழுத்து. "பூமாலை கிடைக்கும்" என்று அத்தை இங்கிருந்தே உரக்கப் படித்தார். பிறகு சிரித்தார். "இந்த 'லை'க்குத் தும்பிக்கையைக் காணோமே!"

அவர் படித்த காலத்து 'லை' யானைத் தும்பிக்கைபோல மேலே வளைந்திருக்கும். பெரியார் 1935-இல் தம் 'குடி அரசு' ஏட்டில் கையாண்ட சீர்திருத்தத்தை, 1978-இல் தமிழக அரசு ஏற்றது. றா, னோ, லை போன்ற 13 எழுத்துகளின் உருவம் மாறியது. நாமும் அதற்குப் பழகிவிட்டோம். அத்தை மட்டும் இன்றும் தும்பிக்கை போட்டுத்தான் கடிதம் எழுதுகிறார்.

அங்கிருந்து ஜாலான் துரூஸ் வழியாக ஜாலான் தான் ஹியோக் நீ வரை நடந்தோம். பழைய சீனப் பலகைகள் வலமிருந்து இடமாகப் போகும், ஜாவியும் அப்படியே. தமிழும் ரூமியும் இடமிருந்து வலம். கறுப்புப் பலகையில் பொன்னெழுத்தைக் கண்டால், மொழி தெரியாத நமக்கும் "இது பழைய கடை" என்று தோன்றுகிறதல்லவா? சொல்லைப் படிக்கும் முன்பே எழுத்தின் உருவம் நம்மிடம் பேசிவிடுகிறது.

இங்கிலாந்தில் 1950களின் இறுதியில் புது நெடுஞ்சாலைகளுக்குப் பலகை வரைந்தவர்கள் ஜாக் கின்னரும் மார்கரெட் கால்வர்ட்டும். ஊர்ப் பெயர்களை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதாமல் சின்ன எழுத்துகளையும் கலந்தார்கள். மேலும் கீழும் நீளும் கோடுகளால் சொல்லுக்கு ஓர் உருவம் கிடைக்கும். வேகமாகப் போகிறவர் அந்த உருவத்தையே அடையாளம் கண்டுகொள்வார்.

நம் தமிழில் அந்த வேலையைச் செய்வது மேலே ஏறும் சுழியும் கீழே இறங்கும் வாலும்தான். இடம் போதவில்லையென்று எழுத்தை நசுக்கினால் அவை மறைந்துபோகும். 'ண'வின் சுழிகள் அடைபட்டு 'ன'வோடு குழம்பும். புள்ளி ஒன்று விழுந்தாலோ சொல்லே மாறிவிடும். பூமாலைப் பலகை எழுதியவர் சுழிக்குள் காற்றோட்டம் விட்டிருந்தார். எழுத்துக்கு எழுத்து இடம் விட்டிருந்தார். அத்தையின் கண்ணைத் திருப்பிக் கொடுத்தது அதுதான்.

கருவி இல்லை என்று இன்று சொல்ல முடியாது. நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்த தமிழ் எழுத்துகள் ஆப்பிள் கைப்பேசிகளிலேயே இருக்கின்றன. குறைவது கவனம்தான். திருமணப் பத்திரிகையோ, திருவிழாப் பதாகையோ அச்சுக்குக் கொடுக்கும் அன்பர்களே, முதல் படியை வீட்டிலுள்ள ஒரு பெரியவரிடம் காட்டுங்கள். அவர் தடுமாறினால், குறை அவர் கண்ணில் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்ணில் பட்ட தமிழ்ப் பலகை ஒன்றைக்கூட விடாமல் கூலாய் வரை படித்துக்கொண்டே வந்தார்.