மாமாவின் வான் வராத இடம்

வியா ஒரேத்தோவில் உங்கட கார் ஸ்ரார்ட் ஆகாவிட்டால் பயப்படத் தேவையில்லை. நீங்கள் பொனெற்றைத் திறக்க முதலே இரண்டு பேர் வந்து நிற்பார்கள். ஒருவர் எதிர்க்கடைச் சிசிலிக்காரர், மற்றவர் எங்கட ஆள். சிசிலிக்காரர் யோசனை சொல்லுவார், எங்கட ஆள் வயர் கொண்டுவருவார்.

பலெர்மோ ரயில் நிலையத்தடியில் தொடங்கும் இந்தத் தெரு, ஒரேத்தோ ஆற்றைக் கடந்து, கத்தானியா போகும் ஏ19 நெடுஞ்சாலையின் வாசலுக்குக் கிட்டப் போய் முடியும். நான் வளர்ந்தது இங்கேதான். அப்பா 80களின் கடைசியில் வந்தவர். அவருக்குக் காப்புறுதி என்றால் சட்டம் கட்டச் சொல்கிற ஒன்று மட்டும்தான். போன வருசம் காப்புறுதி புதுப்பிக்கப் போனபோது, வீதி உதவித் திட்டம் என்று 30 யூரோ கூடக் கேட்டார்கள். அப்பா சிரித்தார். "ஆறில்லாத இடத்தில பாலம் கட்டின மாதிரி" என்றார். இங்கே பக்கத்தில் ஒரு பாலம் அப்படித்தான் நிற்கிறது, போன்ரே தெல்லம்மிராலியோ. 12ஆம் நூற்றாண்டில் நோர்மன்காரர் காலத்தில் ஒரேத்தோவுக்கு மேலே கட்டினது. பிறகு ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். இப்ப கீழே புல்தான்.

நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன், ஆனால் என் காரணம் வேறு. மென்பொருள் பொறியியலாளன் புத்தி. கார் பழுதாகிற வாய்ப்பு எவ்வளவு, ஒரு தடவை ஏற்றிப்போக எவ்வளவு என்று எக்செல்லில் பெருக்கிப் பார்த்தேன். திட்டம் தோற்றது. அந்தக் கணக்கில் பிழை இல்லை என்று இப்பவும் சொல்லுவேன். கேள்விதான் பிழை.

ஆகஸ்ற் மாதம் கத்தானியாவில் ஒரு பிறந்தநாள் வீடு. இரவு பத்தரை மணிக்குத் திரும்பி வரும்போது, எந்நாவைத் தாண்டினதும் முன் லைற் மங்கத் தொடங்கியது. பிறகு ரேடியோ நின்றது, பிறகு எல்லாமே நின்றது. ஓல்ற்றனேற்றர் போய்விட்டது. காரில் ஐந்து பேர்: நான், மனைவி, அப்பா, ஆறு வயது மகன், மூன்று வயது மகள். அந்த இடத்தில் தெரு லைற் இல்லை. பக்கத்தில் லொறி போனால் கார் ஆடும். இருட்டில் இறங்கினால் போட வேண்டிய மினுங்கிற ஜாக்கெற் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்து முக்கோணத்தை வைத்துவிட்டு வந்தேன். பிள்ளைகளைத் தூக்கி இரும்பு வேலிக்கு அந்தப் பக்கம் விட்டோம். மகள் அழவில்லை, என் சேட்டைப் பிடித்தபடியே நின்றாள். அதுதான் எனக்குக் கூடக் கஷ்டமாக இருந்தது.

நான் 112க்கு எடுத்தேன். அப்பா மாமாவுக்கு எடுத்தார். மாமாவிடம் வான் இருக்கு, கயிறும் இருக்கு. "வெளிக்கிட்டிட்டன்" என்றார் மாமா. சாரத்தை மாற்றினாரோ தெரியாது.

லொறி ஒரு மணித்தியாலத்தில் வந்தது. ஓட்டுநர் நல்ல மனுசன். அவர் சொன்ன இரண்டு விசயம் என்ர எக்செல்லில் இல்லை. முதலாவது, இத்தாலிய நெடுஞ்சாலையில் இன்னொரு வாகனத்தில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. அனுமதி பெற்ற நிறுவனங்கள் மட்டும்தான் ஏற்றலாம். அதாவது மாமா வந்தாலும் மாமாவின் கயிறுக்கு அங்கே வேலையில்லை. இரண்டாவது, "லொறியில் இரண்டு பேர்தான் ஏறலாம்."

கடைசியில் அவர் தன்ர தம்பியைக் காரோடு கூப்பிட்டு, மனைவியையும் பிள்ளைகளையும் எந்நா வாசலடியில் திறந்திருந்த ஒரு பாரில் விட்டார். அதற்குத் தனிக் காசு. எல்லாமாக 200 யூரோவுக்கு மேலே போனது. ஒன்றரை மணிக்கு மாமா அந்தப் பாருக்கு வந்து எல்லாரையும் ஏற்றினார். பிள்ளைகளுக்கு என்று ஒரு போத்தல் தண்ணியும் மாரி பிஸ்கற்றும் கொண்டுவந்திருந்தார்.

அடுத்த கிழமை திட்டம் எடுத்தேன். எடுக்க முதல் நாலு நிறுவனங்களின் சின்ன எழுத்தை வாசித்தேன். காரை ஏற்றுகிறதில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். காருக்குள் இருக்கிற ஆட்கள் எங்கே போவார்கள் என்பதில்தான் வித்தியாசம். சிலது ஒன்றுமே சொல்லாது. சிலது ராக்சி, மாற்றுக் கார், ஹோட்டல் வரை தரும். கிட்ட உள்ள கராஜுக்கு மட்டும் கொண்டுபோவார்களா, உங்கட ஊருக்கா என்றும் பாருங்கோ. எந்நாவில் விட்ட காரை எடுக்க நான் திரும்ப 130 கிலோமீற்றர் போனேன். சிலது காரோடு ஒட்டினது, சிலது ஆளோடு ஒட்டினது. அம்மா அப்பாவும் உங்கட காரை ஓடுவார்கள் என்றால் இது முக்கியம். புதுக் கார் என்றால் உத்தரவாதத்தோடு ஏற்கெனவே வந்திருக்கலாம், இரண்டு தடவை கட்டாதீங்கோ. இங்கிலாந்தில் இருக்கிற ஆட்களுக்கு இன்னொன்று: அங்கே பல அடிப்படைத் திட்டங்கள் உங்கட வீட்டு வாசலில் நின்ற காருக்கு வராது, அதற்குக் கூடக் கட்ட வேண்டும்.

அம்மாவுக்கு இத்தாலியன் சமையலறையிலும் சந்தையிலும் போதும். நெடுஞ்சாலைக்குப் போதாது. எந்த நெடுஞ்சாலை, எத்தனையாவது கிலோமீற்றர், எந்தத் திசை என்ற மூன்றையும் தமிழ் எழுத்தில் எழுதி, உதவி நம்பரோடு டாஷ்போர்டில் ஒட்டியிருக்கிறேன். 'திரெத்சியோனே பலெர்மோ' என்று அம்மா இரண்டு நாள் சொல்லிப் பழகினா.

அப்பாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. "மாமா வந்தவர்தானே" என்கிறார். வந்தவர்தான். மாமாவுக்கு இப்ப 68 வயது, கண்ணில் சத்திரசிகிச்சை செய்தவர். அடுத்த தடவை இரவில் எந்நா வரை அவரை ஓடவைக்க என்னால் முடியாது. ஆனால் அப்பா கேட்கிற கேள்வி அதுவல்ல என்றும் எனக்குத் தெரியும். எல்லாரும் மாதா மாதம் கட்டிவிட்டால், இரவில் யார் யாருக்காகக் கதவைத் திறப்பது என்றுதான் கேட்கிறார்.

போன மாதம் இரவு பதினொன்றரைக்கு எங்கட தெருவில் ஒரு தம்பி எடுத்தான். கார் நிற்குது அண்ணா என்றான். எனக்கு அடுத்த நாள் ஒன்பது மணிக்கு மீற்றிங். 'நீ திட்டம் எடுக்கேல்லையா' என்று வாய் வரைக்கும் வந்தது. வயரைத் தேடி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால், அப்பா எனக்கு முதலே போய் அங்கே நிற்கிறார்.