வரி முடியும் இடம்

எனக்கு நேரமில்லை என்று சொல்லிவந்தது பொய் என்பது எனக்கே தெரிய நாளாயிற்று.

தேனாம்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து மாதத்துக்கு இரண்டு நெருக்கடிகள்: 11ஆம் தேதி ஒன்று, 20ஆம் தேதி ஒன்று. மார்ச் முழுவதுமே நெருக்கடி. இது போக, மயிலாப்பூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். கவிதை, விமர்சனம், பத்திரிகை வருகிற மாதங்களில் புரூஃப் திருத்தம். மூன்றாவது, அதே ஞாயிறு மூன்று மணிக்குக் கோட்டூர்புரத்தில் பார்வையற்ற கல்லூரி மாணவன் ஒருவனுக்குப் பாடம் வாசிப்பது. அங்கே 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில் பிரெய்லி பிரிவு இருக்கிறது. ஆனால் இவனுக்கு வேண்டிய பாடக்குறிப்புகள் பெரும்பாலும் ஜெராக்ஸ் தாள்கள். யாராவது வாசித்தால்தான் உண்டு.

தேர்வில் அவனுக்காக எழுத நான் லாயக்கில்லை. தேர்வர் தாமே அழைத்துவருகிறவர் அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்கவேண்டும் என்று மத்திய அரசின் 2018ஆம் வருஷத்து விதி சொன்னது. அதிகப் படிப்பு தகுதிக்குறைவாகும் இடம் இது ஒன்றுதான் என்று கூட்டத்தில் சொன்னேன். கவிதையையும் சேர்த்துக்கொள் என்றார் ஒரு நண்பர்.

மூன்று பொறுப்புகள் இருப்பதில் ஒரு சௌகரியம், ஒன்றை இன்னொன்றுக்குச் சாக்காகச் சொல்லலாம். சேவை என்று சொன்னால் மேலதிகாரி மறுக்கக் கூசுவார். ஆடிட் என்றால் நண்பர்கள் அனுதாபப்படுவார்கள். மாணவனிடம் எதைச் சொன்னாலும் போதும், "பரவால்ல சார்" என்பான். இந்தச் சுழற்சியில் ஒவ்வொரு முறையும் பற்று எழுதப்பட்டது அவன் கணக்கில்தான் என்பது, கணக்கெழுதிப் பிழைக்கிற எனக்கு உறைக்கவில்லை.

கூட்டத்தில் நேரப் பஞ்சம் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது சி.சு. செல்லப்பாவை இழுப்பார்கள். 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்தியது, புத்தகக் கட்டுகளைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனது. பிறகு அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டது, தி. நகர் நடேசன் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எழுதியது. சொல்லி முடித்ததும் நாங்களும் அந்த வரிசையில் நிற்பதுபோல ஒரு பிரமை தட்டும். அவர்கள் எதையெதை விட்டார்கள் என்று கேட்டவர் எங்களில் ஒருவரும் இல்லை. நானும்தான்.

போன ஏப்ரலில் ஒரு ஞாயிறு. அவனுக்குச் செவ்வாய்க்கிழமை இக்கால இலக்கியம் தேர்வு. அன்று கூட்டத்தையும் மூன்று மணிக்கே வைத்துவிட்டார்கள். புதுக்கவிதையில் வரிப் பிரிப்பு பற்றி நான் கட்டுரை படிப்பதாக ஏற்பாடு. அவனுக்குப் போன் செய்து ஆபீஸ் வேலை என்றேன். பிறகு 1962இல் வந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பில் ஆரம்பித்து, தாளில் வரிக்குப் பிறகு விடப்படும் வெற்றிடம் எப்படி அர்த்தத்தின் பகுதியாகிறது என்று நாற்பது நிமிஷம் பேசினேன். நன்றாக இருந்தது என்றார்கள். நன்றாகத்தான் இருந்திருக்கவேண்டும்.

அடுத்த ஞாயிறு அவன் முதலில் கேட்டது, "ஆபீஸ் வேலை முடிஞ்சுதா சார்?"

முடிந்தது என்றேன்.

புதுக்கவிதைப் பகுதியை விடுதியில் ஒரு பையன் அவசரமாக வாசித்துக் காட்டியிருக்கிறான். கேள்வித்தாளில் உரைநடைக்கும் புதுக்கவிதைக்கும் வடிவ வேறுபாடு கேட்டிருந்தார்கள். "அவன் கதை மாதிரியே ஒரே மூச்சுல படிச்சிட்டான் சார். எனக்கு வித்தியாசம் தெரியல. தெரியலன்னு எழுதச் சொல்ல முடியுமா? அதை விட்டுட்டேன்." குறையாகச் சொல்லவில்லை. வரி எங்கே முடிகிறது என்று கேட்கிறவனுக்கு எப்படித் தெரியும், அதைத்தான் தெரிந்துகொள்ள விரும்பினான். என்னுடைய நாற்பது நிமிஷத்தில் இதற்குப் பதில் இல்லை.

அதிலிருந்து கவிதை வாசிக்கும்போது வரி முடிகிற இடத்தில் மேஜையை விரலால் ஒருமுறை தட்டுகிறேன். இரண்டு வாரத்தில் பழகிவிட்டான். பழகியதோடு நிற்கவில்லை. சில இடங்களில் கையை நீட்டித் தடுக்கிறான்: "இந்தத் தட்டு வேண்டாம் சார், இங்க ஒண்ணும் நிக்கல."

ஒருநாள் யாருடையது என்று சொல்லாமல் என் கவிதை ஒன்றை வாசித்தேன், இந்தப் பத்திரிகையில் வந்ததுதான். பதினோரு தட்டுகளில் ஐந்தை வேண்டாம் என்றான். திரும்ப வாசிக்கச் சொல்லி, யோசித்து, ஆறாவதையும் எடுத்துவிட்டான். யார் எழுதியது என்று கேட்கவில்லை.

இப்போது வாசிப்பு ஐந்தரை வரை நீள்கிறது. கோட்டூர்புரத்திலிருந்து பறக்கும் ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் திருமயிலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் குறைவு, கூட்டத்துக்குப் பாதியில்தான் போய்ச் சேர்கிறேன். ஏன் தாமதம் என்று கேட்டால் வாசித்துக்கொண்டிருந்தேன் என்கிறேன். ஆசிரியர் இரண்டு முறை நினைவூட்டிவிட்டார். அந்த வரிப் பிரிப்புக் கட்டுரையை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை.