ஞ எங்கே போச்சு?

ஓய்வு பெற்ற மனுஷனுக்கு எனக்குத் தெரிந்து இரண்டு வியாதி வரும். ஒன்று சர்க்கரை, இன்னொன்று எழுத்து. எனக்கு இரண்டும் வந்தன. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் போட்டே 35 வருஷம் போய்விட்டது. வீட்டில் உட்கார்ந்ததும் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கப் பழகி, பழைய கதையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். ஒரே வருஷத்தில் மணிக்கட்டு இரண்டும் சொன்ன பேச்சு கேட்காமல் போயின. காபி டம்ளரைத் தூக்கினால் சுண்டுவிரல் பக்கம் சுரீர் என்றது.

வேலூரில் ஒரு டாக்டரம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தார். “ஐயா, ரெண்டு கையையும் ஒரே பலகைக்குள்ள நெருக்கி வெச்சு மணிக்கட்டை வெளிப்பக்கமா ஒடிக்கறீங்க. கீபோர்டு ரெண்டு துண்டா இருந்தா தோள் அகலத்துக்குத் தள்ளி வெச்சுக்கலாம்” என்றார். வேலூரில் கையைப் பற்றி யார் சொன்னாலும் நான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பேன். 1946-இல் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநார் இடம் மாற்றி நிமிர வைத்த ஊர் அது. உணர்ச்சி போன பாதங்களுக்கு மெத்தென்ற ரப்பர் போட்டுச் செருப்பு செய்ய வைத்தவரும் அவர்தான். ஷூ தொழிலில் இருந்தவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

டாக்டரம்மா சொன்ன கீபோர்டுக்கு விலை விசாரித்தேன். பேங்க் பாஸ்புக் சம்மதிக்கவில்லை. “நாமே செஞ்சுடலாம் தாத்தா” என்றான் காலேஜ் படிக்கும் பேரன். ஜப்பானியர் ஒருவர் வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட ‘கோர்னே’ என்ற மாதிரியைக் காட்டினான். பக்கத்துக்கு 21 கீ, மொத்தம் 42. மேலே ஆறு ஆறாக மூன்று வரிசை, கட்டைவிரலுக்கு மூன்று. எண்ணிக்கையை அதிலிருந்து எடுத்தோம். அளவை என் கையிலிருந்து எடுத்தேன். பிரவுன் பேப்பரில் உள்ளங்கையை வைத்து, ஒவ்வொரு விரல் நுனிக்கும் பென்சிலால் புள்ளி வைத்தேன். நடுவிரல் நீளம், சுண்டுவிரல் குட்டை. அதற்குத் தகுந்தபடி கீக்கள் ஏறி இறங்கின. சாதாரண கீபோர்டில் வரிசைக்கு வரிசை கீக்கள் சாய்ந்து நிற்பதற்கு நம் விரல் காரணமில்லை. பழைய டைப்ரைட்டரில் கீக்கு அடியில் ஓடிய இரும்புத் தண்டுகள் ஒன்றோடொன்று இடிக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு. தண்டு போயே போச்சு, சாய்வு மட்டும் மிச்சம்.

14 மில்லிமீட்டர் சதுர ஓட்டைகளோடு பெயர்ப்பலகைக் கடையில் அக்ரிலிக் பலகை வெட்டி வாங்கினோம். கீ ஒன்றுக்கு ஒரு டயோடு. குடியாத்தம் கைலித் தறியில் பாவும் ஊடையும் போல, அடியில் குறுக்குக் கம்பி, நெடுக்குக் கம்பி. பேரன் இடது பாதிக்குப் பற்றவைத்தான், நான் வலது பாதிக்கு. ஈய வாசனையில் இரண்டு சாயங்காலம் போயின.

மாட்டிப் பார்த்தோம். ‘அம்மா’ என்று அடித்தேன். திரையில் ‘அத்தா’ என்று வந்தது.

பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன நடந்தது என்று உடனே புரிந்துவிட்டது. கம்பி கட்டும்போது பலகை கவிழ்ந்திருக்கும், இடம் வலமாகும். அதை மறந்து மேலிருந்து பார்த்த வரிசையிலேயே கட்டிவிட்டேன். ‘ம’ இருந்த இடத்தில் ‘த’.

இதே தப்பை 1979-இல் செய்திருக்கிறேன். கட்டிங்கில் சேர்ந்த புதிது. ஷூ என்றால் ஜோடி. இடதுக்கு வெட்டிய பேட்டர்னைத் திருப்பிப் போட்டால்தான் வலது கிடைக்கும். பாட்டுப் பாடிக்கொண்டே இரண்டு டஜன் துண்டு வெட்டினேன், அத்தனையும் இடது. சம்பளம் போச்சு என்று நின்றேன். மாஸ்டர் பாய் ஒன்றும் கத்தவில்லை. “ஆட்டுக்குத் தோல் ரெண்டாந்தரம் வளராது தம்பி. இதைப் பத்திரமா வை, நாளைக்கு வலது மட்டும் வெட்டு” என்றார். சொல்ல லேசு. ஜோடியின் இரண்டு காலும் ஒரே சாயலில் இருக்க வேண்டுமே! மறுநாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு இடதுக்கும் நிறம் பொருந்தும் தோலைத் தேடினேன். தோலைப் பார்க்க நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு நாளில்தான். மற்றபடி அவர் எனக்கு எதுவும் சொல்லிக் கொடுத்ததாக ஞாபகமில்லை.

பேரனுக்கும் அந்த பாயின் குணம் கொஞ்சம் இருக்கிறது. “கம்பியைப் பிரிக்காதீங்க தாத்தா. நெடுக்கு வரிசை தலைகீழா இருக்குன்னு புரோகிராம்ல சொல்லிட்டா போதும்” என்றான். பத்து நிமிஷத்தில் அம்மா அம்மாவாக வந்தாள்.

நான் அடிப்பது தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட முறை. உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். ‘வ’வும் ‘ங’வும் மட்டும் இடது பக்கம் குடிபோயிருக்கின்றன. பிளந்த கீபோர்டுக்கென்றே பிறந்த மாதிரி இருக்கிறதே என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமையில் ஒன்றைக் கவனிக்கவில்லை. மளிகைச் சாமான் பட்டியல் அடித்துக் கொடுத்தேன். “இசின்னா என்ன? மசள்னா என்ன?” என்று கேட்டாள் வீட்டுக்காரி.

ஞ இல்லை! தமிழ்99-இல் வலது பக்க மேல் வரிசைக்கு ஏழு கீ வேண்டும். ஆங்கிலத்துக்குப் போட்ட மாதிரியில் ஆறுதான். ஏழாவதில் உட்கார்ந்திருந்த ஞ பலகைக்கு வெளியே விழுந்துவிட்டது. ஊரான் கால் அளவுக் கட்டையில் நம் ஷூவை ஏற்றினால் சுண்டுவிரல் நசுங்கத்தான் செய்யும். இது தெரியாதவனா நான்? “ஞ எப்பவாவதுதானே வரும், ரெண்டு கீ சேர்த்து அமுக்குங்க” என்றான் பேரன். இஞ்சியும் மஞ்சளும் இல்லாத வீட்டில் அவன் வளரவில்லை. கடைசியில் கட்டைவிரலிடம் கேட்டோம். பாவம், இத்தனை வருஷம் ஸ்பேஸ் பாரைத் தட்டுவதைத் தவிர அதற்கு யாரும் வேலை கொடுத்ததில்லை. வலது கட்டைவிரலின் மூன்று கீயில் நடுவில் இப்போது ஞ இருக்கிறது. அடுத்து ச அடித்தால் புள்ளி தானாக விழுகிறது.

மணிக்கட்டுக்கு அடியில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன், கை வியர்வையில் கறுத்து வருகிறது. பேரன் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறான், வலதில் ஏழு கீயோடு. நேற்று பிரவுன் பேப்பரை விரித்து அவன் இடது கையை வரைந்தேன். என்னுடையதைவிட ஒரு விரல் அகலம் பெரிசு. வரைந்து முடித்ததும் பேப்பரை எடுத்து அவனே திருப்பிப் போட்டான்.